குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும் ஊரார் நிதியும்



வாளையாற்றுக்கு அப்பால் பாலக்காட்டிலும், போடிமெட்டுக்கும் குமுளிக்கும் அப்பால் இடுக்கி மலைத் தோட்டங்களிலும் வாழ்கின்ற தமிழ் மக்களுக்கு ராஜ்ய எல்லை என்பது வீட்டு வாசற்படியைப் போன்றது. சந்தைக்கும், கலியாணத்திற்கும், குலதெய்வ வழிபாட்டிற்கும் அதைக் கடந்து போவார்கள், வருவார்கள். அதைப்பற்றி நினைப்பதுகூட இல்லை. ஆனால் வீட்டில் ஒரு குழந்தைக்கு வாரக்கணக்கில் காய்ச்சல் விடாமல், முகம் வெளிறி, ஈறுகளில் இரத்தம் கசிந்து, அடிபடாமலேயே உடம்பில் நீலத் தழும்புகள் தோன்றி, இரத்தத்தைச் சோதித்த உள்ளூர் டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள் என்று கூறிவிடும் நாளில், அதே எல்லை வேறு விதமாகத் தோன்றும். பாலக்காட்டார் கோயம்புத்தூருக்குப் போவதா, திருவனந்தபுரத்திற்கா, சென்னைக்கா? மூணாற்றார் மலையிறங்கித் தேனி வழியே மதுரைக்குச் செல்வதா, மேற்கே கோட்டயத்திற்கா? எத்திசையில் சென்றாலும் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுகள் நீளும். தேயிலை பறிக்கும் கூலியையோ, சித்தூர்ப் பக்கத்துக் களத்து வேலையையோ நம்பி வாழும் குடும்பம் அத்தனை காலம் எப்படித் தாங்கும்?

இத்தகைய வேளைக்கென்று கேரள நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினரும், பள்ளி ஆசிரியரும், கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் இவற்றைச் சேர்ந்த பெரியவர்களும் ஒன்றுகூடி, 'சிகித்ஸா ஸஹாய ஸமிதி' என்ற பெயரில் ஒரு குழு அமைப்பார்கள். பாங்கியில் கணக்குத் திறக்கப்படும். குழந்தையின் படம் தாங்கிய தட்டி நாற்சந்தியில் நிற்கும். தனியார் பஸ் உடைமையாளர் சிலர் ஒரு நாள் வசூல் முழுவதையுமே இதற்கென ஒதுக்கிவிடுவதும் உண்டு. அன்று பிரயாணிகள் டிக்கெட் வாங்குவதில்லை, கண்டக்டர் நீட்டும் வாளியில் தத்தம் மனத்திற்குத் தோன்றியதைப் போடுவார்கள். நமக்கும் இது அந்நியமான வழக்கமன்று. மதுரை, தேனிப் பக்கத்து மொய்யும், புதுக்கோட்டைச் சீமையின் மொய்விருந்தும், மலபாரின் குறிக்கல்யாணமும் ஒரே வேரில் கிளைத்தவைதாம். ஒருவனுடைய சுமையை ஊர் பங்கிட்டுக் கொள்ளுகிறது.

இவ்வாறு திரட்டப்படும் காசு, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை எதிர்த்த போராட்டத்தில் என்ன சாதித்திருக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பலரும் எண்ணுவதைவிட மிகுதியாகவே சாதித்திருக்கிறது என்பது என் கருத்து. அந்த வரலாற்றில் நம்முடைய மலைகளுக்கும், நம்முடைய வேலியோரச் செடி ஒன்றுக்கும்கூட இடமுண்டு.

எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகும் வெள்ளணுக்கள் முதிர்ச்சியடையாமலே கட்டுக்கடங்காது பெருகி, சிவப்பணுக்களுக்கும், இரத்தத்தை உறையச் செய்யும் அணுக்களுக்கும் இடமில்லாமற் செய்துவிடுவதுதான் இந்நோய். 1845-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் விர்க்கோவும் ஸ்காட்லாந்தில் பென்னட்டும் இதனை விவரித்தார்கள். வெள்ளை இரத்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து விர்க்கோ இதற்கு 'லுக்கீமியா' எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்து நூறாண்டு கழிந்தும் மருந்து கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடம் பெறுவது. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பாலகர்களையே அதிகமாகப் பற்றுவது. நோய் இன்னதென்று தெரிந்த சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், குழந்தை இறந்துவிடும். வைத்தியர்கள் பெற்றோரிடம் ஆறுதல் கூறி வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாதிருந்தார்கள்.

இந்தியாவில் இந்நோயின் பொருட்டு முதலில் பெருநிதி ஒதுக்கியவர் ஒரு செல்வந்தர். 1931-ஆம் ஆண்டில் சர் தொராப்ஜி டாட்டாவின் மனைவியார் மெஹர்பாய் அம்மையார் லுக்கீமியாவினால் காலமானார். துயரத்தில் மூழ்கிய தொராப்ஜி அடுத்த ஆண்டே மனைவியின் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, லுக்கீமியா ஆராய்ச்சியில் ஈடுபடும் எந்த நாட்டு விஞ்ஞானிக்கும் உதவித் தொகை கிடைக்க வழி செய்தார். சில மாதங்களில் அவரும் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்தைக் கொண்டு அமைந்த நிதியிலிருந்தே 1941-ல் பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி எழுந்தது. நல்ல காரியம், ஆயினும் அது ஒரு மாளிகையிலிருந்து வந்த கொடை. நம் போன்றோர் கையால் திரண்ட நிதியின் கதை பிறகுதான் தொடங்குகிறது. அதற்குமுன், மருந்து பிறந்த கதையைச் சொல்ல வேண்டும்.

1928-ஆம் ஆண்டில் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் பாடுபட்ட ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தை ஆராய வந்த அவர் 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் பணிபுரிந்தார். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வானில் நீலமாய்த் தெரியும் அதே நீலகிரியில்தான்! ஈஸ்ட்டிலிருந்து தயாரிக்கப்படும் மலிவான ஒரு சாற்றைக் கொடுத்தால் அப்பெண்கள் பிழைக்கிறார்கள் என்று அவர் கண்டறிந்தார். அச்சாற்றிலிருந்த பொருளே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. புதிய இரத்த அணுக்கள் உண்டாக இன்றியமையாதது அது.

அந்த அமிலத்தைச் சோதனைக் கூடத்தில் செயற்கையாக உண்டாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை வைத்தியக் கல்லூரியின் மாணவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். உடன்பிறந்தார் இருவரை நோய்க்குப் பறிகொடுத்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்து கல்லூரிக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்திற்கு ஆளாகி, முழுப் பட்டத்திற்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமே பெற்றவர். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஆராய்ந்து, 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அணுக்களை ஏமாற்றி, அதன் வேலையைத் தடுக்கும் போலிப் பொருள்களையும் அவருடைய குழுவினர் ஆக்கினார்கள்.

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்தபோது இரத்தப் புற்றுநோய் முன்னிலும் வேகமாக வளர்வதை அவர் பார்த்தார். அப்படியானால், அந்த அமிலத்தைத் தடுத்தால் நோயும் தடைப்படுமல்லவா? சுப்பாராவின் குழுவிடமிருந்து 'அமினோப்டெரின்' என்ற போலிப் பொருளைப் பெற்று, 1947-ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைகளுக்குச் செலுத்தத் தொடங்கினார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் நோய் பின்வாங்கியதை 1948 ஜூனில் அவர் வெளியிட்டார். படுத்த படுக்கையாய்க் கிடந்த குழந்தைகள் எழுந்து நடந்தன, விளையாடின. பிறகு நோய் மீண்டும் வந்தது. ஆயினும், மருந்துக்கு இந்நோய் பணியும் என்பது உலகத்திற்குத் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் அமெரிக்காவில் காலமானபோது அவருக்கு வயது 53. நம் நாட்டில் அவர் பெயரை அறிந்தவர் சொற்பம். 1995-ல் அவர் நூற்றாண்டையொட்டித் தபால் தலை வெளியிட்டதோடு நம் கடமை தீர்ந்ததென்று எண்ணிவிட்டோம் போலும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். நோய் பின்வாங்கிய நிலையை டாக்டர்கள் 'ரெமிஷன்' என்பார்கள். இதைத் தமிழில் 'குணம்' என்று எழுதிவிடுவோர் உண்டு. அது பொருந்தாது, 'தணிவு' என்பதே தகும். நெருப்புத் தணிந்திருக்கிறது, அணைந்துவிடவில்லை. முதல் மாதச் சிகிச்சையிலேயே பெரும்பாலான குழந்தைகளிடம் நோய் தணிந்துவிடுகிறது. முகத்தில் களை வந்துவிடுகிறது. 'குணம்' என்ற சொல்லைக் கேட்ட பெற்றோர், கையிருப்பும் தீர்ந்துபோன நிலையில், குழந்தையோடு மலையேறி வீடு திரும்பிவிடுகிறார்கள். சில மாதங்களில் நோய் முன்னிலும் முரட்டுத்தனமாக வருகிறது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு இவ்வளவு விலை கேட்கக்கூடியது என்பதை நாங்கள் காரியாலய மேஜையில் உணர்வது அரிது.

ஃபார்பருக்குக் கிடைத்தது தணிவு மட்டுமே. அதைக் குணமாக மாற்றவேண்டுமானால் மேலும் மருந்துகள், மேலும் ஆண்டுகள், ஏராளமான பணம் வேண்டும். அப்பணத்தை அவர் வானொலி மூலம் பெற்றார் என்பதை நேயர்கள் மகிழ்வோடு கேட்பீர்கள். 1948 மே 22-ஆம் தேதி இரவு, அமெரிக்க நாடெங்கும் கேட்கப்பட்ட ஒரு வேடிக்கை நிகழ்ச்சியில், ஃபார்பரின் நோயாளியான 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பேசினான். அவன் பெயரை வெளியிடாமல் 'ஜிம்மி' என்று மட்டும் அழைத்தார்கள். அவனுக்குப் பிரியமான பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் நுழைந்தார்கள். ஆட்டங்களைப் பார்க்க அவனுக்கொரு டெலிவிஷன் பெட்டி வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் வாங்கித் தருவோம் என்று நிகழ்ச்சி நடத்தியவர் அறிவித்தார். பணம் வந்து குவிந்தது. அவ்வாண்டில் 2,31,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. அதுவே ஜிம்மி நிதி. சினிமாக் கொட்டகைகளிலும் விளையாட்டு மைதானங்களிலும் உண்டியல் குலுக்கித் திரட்டப்பட்டு இன்றளவும் ஆராய்ச்சிக்கு உதவி வருகிறது. ஐனார் குஸ்டாஃப்சன் என்ற அச்சிறுவனுக்கு இருந்தது குடலில் தோன்றிய வேறொரு புற்றுநோய். இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணியிருக்க, அவர் 1998-ல் லாரி ஓட்டும் முதியவராக வெளிப்பட்டு, 2001 வரை வாழ்ந்தார்.

ஒரு குழந்தையின் குரலைக் கேட்டுக் கொடுத்த காசு, பார்த்திராத குழந்தைகளுக்கெல்லாம் பயன்பட்டது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. முகம் தெரிந்தால் எவரும் கொடுப்பார்கள். முகம் தெரியாத குழந்தைக்கு, இன்னும் பிறக்காத குழந்தைக்குக் கொடு என்று கேட்பதுதான் கடினம்.

அக்கடினமான காரியத்தைச் சென்னையில் செய்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. மொய்விருந்துக்குப் பெயர்பெற்ற புதுக்கோட்டைச் சீமையில் 1886-ல் பிறந்தவர். 1912-ல் டாக்டர் பட்டம் பெற்று, 1927-ல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானவர். அவருடைய சட்டமன்றப் பணிகளைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். எனவே அதனை விடுத்து மேலே செல்லுகிறேன். 1923-ல் அவருடைய தங்கை, இளம் வயதில், புற்றுநோயால் அணு அணுவாக வதைபட்டு இறந்ததை அவர் அருகிருந்து கண்டார். டாக்டராக இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1935-ல் சென்னை வைத்தியக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற தம் கோரிக்கையை அவர் எடுத்துரைத்தார். சர்க்கார் வட்டாரத்தில் உற்சாகம் பிறக்கவில்லை. சாகப் போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதே அக்காலத்துப் பொதுவான எண்ணம். காசநோயும் காலராவும் மலிந்திருந்த நாட்டில் அப்படி எண்ணியவர்களை முழுவதும் குறை கூறுவதற்கில்லை.

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. அடையாற்றில் 1917-ல் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1949-ல் புற்றுநோய் நிவாரண நிதி ஆரம்பமாயிற்று. சங்கத்துப் பெண்மணிகளும், அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் நன்கொடை கேட்டு அலைந்தார்கள். 1952 அக்டோபர் 10-ஆம் தேதி பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் ஆஸ்பத்திரி வேலை தொடங்கியபோது அங்கே இருந்தவை குடிசைகளும், 12 கட்டில்களும், டாக்டர்கள் இருவர். அப்பொழுது பாலக்காடு, சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. 1956 நவம்பரில் எல்லைகள் மாறின. அடையாற்றின் வாசலில் மட்டும் எல்லை எதுவும் போடப்படவில்லை. மலையாளம் பேசுவோரும், தெலுங்கு பேசுவோரும் அங்கே வந்துகொண்டே இருந்தார்கள்.

1955-ல் டாக்டர் சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். சர் சி. வி. ராமனின் குடும்பத்தில் தோன்றியவர்; சர்க்கார் உத்தியோகம் கைக்கெட்டியிருந்தும் அதை நாடாமல் வந்தவர். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தார். பின்னர் மாதம் 200 ரூபாயும் தங்குவதற்கு இடமும் அளிக்கப்பட்டன. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வாழ்ந்து, 2021 ஜனவரியில் தம் 93-ஆம் வயதில் மறையும்வரை அந்த ஸ்தாபனமே உலகமாக இருந்தார். 1960-ல் அடையாற்றில் குழந்தைகளுக்கென்றே தனி வார்டு திறக்கப்பட்டது. இந்தியாவில் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அமைந்த முதல் வார்டு அதுவே. அந்நாளில் இரத்தப் புற்றுநோயுடன் அங்கே சேர்ந்த குழந்தைகள் பிழைத்து வீடு செல்வது அருமையிலும் அருமை. குணப்படுத்த முடியாத குழந்தைகளுக்காக ஒரு வார்டைத் திறப்பதற்கு எத்தகைய மனத்திடம் வேண்டும்!

இதற்கிடையில் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று நம் வேலியோரத்திலிருந்து வந்தது. தமிழில் நாம் நித்தியகல்யாணி என்றும், சில இடங்களில் சுடுகாட்டு மல்லி என்றும் அழைக்கும் செடியை நேயர்கள் அறிவீர்கள். மலையாளத்தில் அதற்கு 'சவக்கோட்டப்பச்ச' என்று பெயர். கல்லறைத் தோட்டத்தில் பச்சென்று நிற்பது என்று பொருள். கல்யாணத்தையும் கல்லறையையும் ஒரே செடியின் தலையில் சுமத்திய மக்கள் நாம்! அதன் இலையிலிருந்து எடுக்கப்பட்ட வின்கிறிஸ்டின் என்ற மருந்து 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றுவரை அது இல்லாத சிகிச்சை இல்லை எனலாம். தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் அது பயிரிடப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆயிற்று.

மருந்துகள் பல சேர்ந்தும், அவற்றை எந்த முறையில், எந்த அளவில், நம் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்பது தெரியாதிருந்தது. 1980-களின் நடுவில் அடையாறு, பம்பாய் டாட்டா, டில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞான நிலையம் ஆகிய மூன்றும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் டாக்டர் இயான் மக்ராத்துடன் கலந்து, 'எம்.சி.பி. 841' என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. அதுவரை நூற்றுக்கு இருபது பேர் அளவிலேயே பிழைத்து வந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நோயின்றி நிலைத்தார்கள். 2016-ல் பல இந்திய ஆஸ்பத்திரிகள் கூடி மற்றொரு பெரிய ஆராய்ச்சியையும் தொடங்கின. செல்வ நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன.

நம் நாட்டில் இடைவெளி நேர்வது ஏன்? மருந்து இல்லாததனால் மட்டுமன்று. கிருமித் தொற்றினால் பலர் இறக்கிறார்கள். சிகிச்சையை நடுவில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் வேறு. பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில் 2009-ஆம் ஆண்டளவில், புற்றுநோய்க் குழந்தைகளுள் ஐந்தில் ஒரு பங்கினர் சிகிச்சையை மறுத்தோ, பாதியில் கைவிட்டோ சென்றார்கள். நன்கொடையைத் திரட்டி மருந்தோடு தங்குமிடம், உணவு, வழிச்செலவு, ஆறுதல் மொழி இவற்றுக்கும் ஏற்பாடு செய்த பின்னர், அத்தொகை நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியது. செயின்ட் ஜூட் இந்தியா என்ற ஸ்தாபனம் 2006-ல் பம்பாயில் தொடங்கி, சென்னை உள்ளிட்ட நகரங்களிலும், சிகிச்சை பெறும் குழந்தையும் பெற்றோரும் இலவசமாகத் தங்க இல்லங்கள் நடத்துகிறது. ரயில் கட்டணமும் ஒரு வேளைச் சோறும் ஆராய்ச்சியில் சேருமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லுவது இதுதான்: பாதியில் காணாமற்போகும் குழந்தையைக் கொண்டு எந்த மருந்தின் பலனையும் எவரும் கணக்கிட முடியாது. பஸ் வாளியில் விழும் பத்து ரூபாய் நோட்டும் சோதனைக் கூடத்துக் கண்ணாடிக் குழாயும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கேரளத்திலும் இத்துறையில் நல்ல முயற்சிகள் உண்டு. திருவனந்தபுரத்து வட்டாரப் புற்றுநோய் நிலையம் 1981-ல் அமைந்தது. நோய் வருமுன்பே சிறு தொகை ஒன்றை ஒருமுறை கட்டிவைத்தால், பின்னர் நோய் வந்தபோது சிகிச்சைக்கு உதவும் ஒரு திட்டத்தை அந்நிலையம் 1986-ல் கொண்டுவந்தது. 18 வயதுக்குட்பட்ட புற்றுநோயாளிகளுக்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் திட்டம் ஒன்றை ராஜ்ய சர்க்கார் 2008-ல் ஏற்படுத்தியது. மருந்தால் காக்க முடியாதவர்களின் வலியைத் தணிப்பதற்காக 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம், ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டி, சில்லறை நன்கொடையிலேயே பெரும்பாலும் நடந்து, இன்று உலகம் வந்து பார்த்துச் செல்லும் நிலையை எய்தியிருக்கிறது.

ஸமிதிகளைப் பற்றி ஒன்று கூற வேண்டும். அவசரத்தில் திரட்டப்படும் பணம் சில வேளை பயன்படுமுன்பே குழந்தை இறந்துவிடுகிறது. கணக்கில் பணம் நிற்கிறது. அதைப் பெற்றோரிடம் கொடுப்பதா, நன்கொடையாளருக்குத் திருப்புவதா, அப்படியே வைப்பதா என்று ஊர் தயங்குகிறது. கடன்பட்ட பெற்றோரின் சுமையை முதலில் தீர்ப்பதே முறை. அதற்கு மேலும் எஞ்சினால், குழந்தைகள் வார்டு நடத்தும் ஆஸ்பத்திரியின் பொது நிதியில், இறந்த குழந்தையின் பெயராலேயே சேர்த்துவிடலாம். இதைக் குழு அமைக்கும் அன்றே தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்ளுவது நன்று. துயரம் நேர்ந்த வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயமன்று அது. தங்கையை இழந்த துக்கத்திற்கும் அடையாற்றின் 12 கட்டில்களுக்கும் இடையே 31 ஆண்டுகள் கழிந்தன. ஒரு பாங்கிக் கணக்கை மாற்ற ஒரு கையெழுத்துப் போதும்.

சுப்பாராவின் குழு உண்டாக்கிய போலிப் பொருள்களுள் அமினோப்டெரினுக்கு உடன்பிறப்பான மற்றொன்று மெத்தோட்ரெக்ஸேட். சிகிச்சையின் கடுமையான மாதங்கள் முடிந்து குழந்தை வீடு திரும்பியபின், ஒன்றரை ஆண்டுக்கு மேல், வாரத்திற்கு ஒருமுறை அதை உட்கொள்ள வேண்டும். விலை சில ரூபாய்தான். அந்தச் சிறிய மஞ்சள் மாத்திரையை, நாட்காட்டியில் குறித்த கிழமையன்று இரவு, தேவிகுளத்து லயத்தில் ஒரு தாயும், சித்தூர்ப் பக்கத்தில் ஒரு தாயும் எண்ணி எடுத்துத் தண்ணீரோடு கொடுக்கிறார்கள்.